காடு, தோட்டம், வயல்

"காட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று பல்லடத்துக் குடியானவர் ஒருவர் சொன்னால் யானைக்கும் புலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவர் கிளம்புவது தன் சோளக்காட்டுக்கு. கொங்கில் காடு என்றால் மழையை நம்பி உழுகிற மேட்டு நிலம்.

கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல் வனத்தைக் குறிக்கிறது. தமிழிலும் மூத்த பொருள் அதுதான். புதரை வெட்டி, கல் பொறுக்கி, கம்பு விதைத்த பிறகும் பழைய பெயரே நிலத்தோடு தங்கிவிட்டிருக்க வேண்டும். பயிருக்கேற்ப முன்னொட்டு மட்டும் மாறியது: கம்பங்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு. உழாமல் மேய்ச்சலுக்கு விட்டதற்கும் பெயர் உண்டு. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் அது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு மேய்ந்து வளர்ந்தது இங்கேதான்.

காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால் அது தோட்டம் ஆகிவிடும். மண்ணும் பொழி என்கிற வரப்பும் பழையவைதான்; எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கத் தொடங்கியதும் பெயர் உயர்ந்துவிடும். வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்தால் வயல். கொங்கு நாக்கு நிலத்தைத் தரம் பிரிப்பது தண்ணீரை வைத்து.

அரசு ஏட்டுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. குடியானவன் தன் செலவில் வெட்டிய கிணற்றுக்கு வரி போடுவது நியாயமில்லை என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டில் வலுத்தது. அதனால் காடும் தோட்டமும் 'புஞ்சை' என்ற ஒரே கட்டத்தில் அடங்கின. புன்செய்யின் பேச்சு வடிவம் அது. செய் என்றால் வயல். புஞ்சைப் புளியம்பட்டி அதை ஊர்ப் பெயரிலேயே சுமக்கிறது.

1955இல் பவானிசாகர் அணை முடிந்த பிறகு ஏட்டுச் சொல்லும் தண்ணீருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது. அந்த அணையின் தண்ணீர் பாயும் கீழ்பவானி ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்கு நன்செய்ப் பாசனம். மறுபாதிக்கு ஜனவரியில் கடலை, எள்ளுக்குப் புன்செய்ப் பாசனம். அடுத்த ஆண்டு முறை மாறும். போன வருஷம் நஞ்சை, இந்த வருஷம் புஞ்சை.

இப்போது கோவையைச் சுற்றியுள்ள காடும் தோட்டமும் 'சைட்' ஆகின்றன. சென்ட் கணக்கு சொல்லும் அந்தச் சொல் தண்ணீரைப் பற்றி வாய் திறப்பதில்லை. போர் போட்டால் எத்தனை அடியில் வரும் என்று தனியாக விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.