எம்டன் தெரியும், யு-180 தெரியுமா?

எதற்கும் துணிந்த சூழ்ச்சிக்காரனை "அவன் சரியான எம்டன்" என்று சொல்வது நம் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கும் வழக்கம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரையோரம் வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. சிறிது நேரக் குண்டுவீச்சுதான். ஆனால் தமிழில் ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு ஜெர்மன் கலம் நம் கரைமேல் ஒரு குண்டுகூடப் போடாமல், எம்டனைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. யு-180 என்ற அந்த நீர்மூழ்கிக் கப்பலின் பெயர் நம்மில் பலருடைய காதில் விழுந்ததேயில்லை.

எஞ்சின் சத்தத்தோடு விடிந்து எஞ்சின் சத்தத்தோடு உறங்கும் ஊர் மறைமலை நகர். இங்கே வெளிவரும் மலரில் அந்தக் கப்பலைப் பற்றி எழுதினால், முதலில் அதன் எஞ்சினைத்தான் சொல்ல வேண்டும். பிரேமனில் கட்டப்பட்டு 1942 மே மாதம் கடற்படையில் சேர்ந்த யு-180, 'ஒன்பது டி ஒன்று' என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் கட்டியவை இரண்டே இரண்டு: இதுவும் யு-195-உம். மற்ற ஜெர்மன் நீர்மூழ்கிகளில் கனமான, நிதானமாக ஓடும் டீசல் எஞ்சின்கள் இரண்டு இருக்கும். இதிலோ டைம்லர்-பென்ஸ் செய்த ஆறு எஞ்சின்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றிலும் இருபது சிலிண்டர். ஆறும் சேர்ந்தால் 9,000 குதிரைத்திறன். அதிவேக டார்ப்பிடோ படகுகளுக்காக உருவானவை அவை. சில மணி நேரம் சீறிப் பாய்வதற்கு அவற்றுக்கு ஈடில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டிய கப்பலுக்கு அவை பொருந்தவில்லை. புகை கக்கின, சூடேறின, அடிக்கடி படுத்துக்கொண்டன. மறைந்திருப்பதே தொழிலான கலம் வானத்தில் கரும்புகையை எழுதிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதே நிறுவனத்தின் வழிவந்த லாரித் தொழிற்சாலை இன்று நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் நடக்கிறது. ஓர் எஞ்சினை அது செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதன் அருமை அங்கே ஷிப்டு பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு வடதுருவக் கடல் ஒரு பெரிய வேட்டைக்களம். சோவியத் நாட்டின் முர்மான்ஸ்க், ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகங்களுக்குத் தளவாடம் கொண்டுபோன கப்பல் கூட்டங்களை நார்வேக் கரையிலிருந்து கிளம்பி மறித்தன.  யு-180 அந்த வேட்டைக்கு அனுப்பப்படவில்லை. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து ஒரு வாரம் கழித்து, 1943 பிப்ரவரி 9 அன்று, கேப்டன் வெர்னர் முசன்பெர்க்கின் தலைமையில் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. பிரிட்டிஷ் கண்காணிப்புக்குத் தப்பி வடக்கே சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்கித் தெற்கே திரும்பியது. உள்ளே, கிழக்கே போக வேண்டிய இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள்: சுபாஷ் சந்திர போஸ், அவருடைய துணைவர் ஆபித் ஹசன்.

அந்தப் பயணத்தை ஆபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கும் டீசல் வாடை. போர்வையில் டீசல், ரொட்டியிலும் டீசல். கப்பல் சேமிப்பில் கொஞ்சம் அரிசியும் பருப்பும் கண்ணில் பட்டது அவருக்குப் புதையல் கிடைத்தது போலிருந்தது. போஸோ அந்த இடுக்கில் உட்கார்ந்து தம் நூலைத் திருத்திக்கொண்டும், கிழக்கே போய்ச் சேர்ந்ததும் பேச வேண்டியவற்றைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டும் இருந்தார். நிமிர்ந்து நடக்க இடமில்லாத இரும்புக் குழாய்க்குள் இரண்டரை மாதம்! அந்த மனத்திடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வழியில், ஏப்ரல் 18 அன்று, தென்னாப்பிரிக்கக் கடலில் கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். நம் தலைவர் பயணம் செய்த கப்பல் என்பதற்காக அந்த மாலுமிகளின் சாவை நாம் மறைத்துப் பேசக் கூடாது.

ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 காத்திருந்தது. அலை அடங்கவில்லை. இரண்டு கலங்களும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தும் ஒன்றையொன்று தொட முடியவில்லை. கடைசியில் கயிறு கட்டி, ஒரு ரப்பர் மிதவையில் போஸும் ஹசனும் தொப்பலாக நனைந்து அந்தப் பக்கம் ஏறினார்கள். பதிலுக்கு ஜப்பானிய அதிகாரிகள் இருவரும், பெர்லினிலிருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கான 2 டன் தங்கமும் இந்தப் பக்கம் வந்தன. இரண்டு நாடுகளின் நீர்மூழ்கிகள் நடுக்கடலில் இப்படி ஆளை மாற்றிக்கொண்டது அந்தப் போரில் அரிதிலும் அரிது. ஐ-29 மே மாதம் சுமத்ராவுக்கு அருகிலுள்ள சபாங் தீவில் போஸை இறக்கிவிட்டது.

அங்கிருந்துதான் இது தமிழர் கதையாகிறது. ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவம் அதுவரை பெரும்பாலும் போர்க்கைதிகளான சிப்பாய்களின் படை. அவர் வந்த பிறகு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கங்காணியின் அதட்டலுக்கும் பால்வெட்டும் கத்திக்கும் மட்டுமே பழகியிருந்தவர்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தார்கள். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை எழுந்தது. அதிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே மிகுதி. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர், போஸின் பேச்சைக் கேட்டு அங்கேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். நடுக்கடலில் கைமாறிய 2 டன் தங்கத்தைவிட அந்தத் தோடுதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

யு-180 தன் போர்க்காலம் முழுவதும் மூழ்கடித்தவை இரண்டே கப்பல்கள்: கார்பிஸ், திரும்பும் வழியில் போரிஸ் என்ற கிரேக்கக் கப்பல். மொத்தம் 13,298 டன். பாரம் மூழ்கடித்த கணக்கில் கப்பலை எடைபோடும் கடற்படை வரலாற்றாசிரியர்களுக்கு இது தோற்றுப்போன கப்பல். அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. ஓர் ஆளை உயிரோடு கொண்டுசேர்த்ததால் ஒரு மக்கள் கூட்டத்தின் முதுகெலும்பு நிமிர்ந்தது என்றால், வேறெந்த நீர்மூழ்கியைப் பற்றி நம்மால் இப்படிச் சொல்ல முடியும்?

1943 ஜூலைத் தொடக்கத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குத் திரும்பியதும், அந்த ஆறு எஞ்சின்களையும் கழற்றி, சரக்கேற்றும் கப்பலாக மாற்றினார்கள். 1944 ஆகஸ்டில் ஜப்பானை நோக்கிப் புறப்பட்ட யு-180, பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு மறைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 26 அன்று, ஐ-29 பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் டார்ப்பிடோக்களுக்கு இரையானது. அதே ஜூலையில் இம்பால் போர்முனையிலிருந்து இந்திய தேசிய ராணுவம் பசியோடும் காய்ச்சலோடும் மழையில் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படையிலிருந்து உயிரோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களின் பேரன் பேத்திகள், இன்று பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து நம் ஊரிலும் குடியிருக்கக்கூடும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ, படைச் சான்றிதழோ, மலாயாவில் எடுத்த ஒரு படமோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எந்த முகாமில் பயிற்சி எடுத்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள்.