டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின்: அமுக்க விகிதமும் குதிரைத்திறனும்

4ஏ-ஜிஇ என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம், யமஹாவின் துணையுடன் உருவாக்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஆகும். 1983 மே மாதம் வெளிவந்த ஏஇ86 வகை கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ரூனோ கார்களால் இது புகழ்பெற்றது. சிலிண்டரின் விட்டம் 81 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 77 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1587 சி.சி. இந்த அளவுகள் கடைசிவரை மாறவில்லை. ஆனால் குதிரைத்திறன் தொடர்ந்து உயர்ந்தது. அது எப்படி என்பதே இந்த எஞ்சினின் வரலாறு.

முன்னோடி

1972-ல் வந்த முதல் லெவினில் 2டி-ஜி என்ற 1588 சி.சி. எஞ்சின் இருந்தது. உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கான வகை 115 குதிரைத்திறன் தந்தது. சாதாரண பெட்ரோலுக்காக அமுக்கம் குறைக்கப்பட்ட வகை 110 தந்தது. எரிபொருளின் தரமே அமுக்கத்திற்கு எல்லை வகுக்கிறது என்பதை அன்றே இது காட்டியது.

அமுக்க விகிதம் என்றால் என்ன?

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தை, அது மேலே வரும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். 4ஏ-ஜிஇயில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 397 சி.சி. தொடக்கத்தில் விகிதம் 9.4, அப்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 47 சி.சி. இறுதி வடிவத்தில் விகிதம் 11. மிஞ்சும் இடம் சுமார் 40 சி.சி. வேறுபாடு ஒன்றரைத் தேக்கரண்டி அளவுதான்.

அளவிடும் முறை மாறியது

1983-ல் அறிவிக்கப்பட்ட திறன் 130. 1987-ல் அடுத்த தலைமுறையான ஏஇ92 வந்தபோது அது 120 எனக் குறிக்கப்பட்டது. எஞ்சின் வலுவிழந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் குறைவின் பெரும்பகுதி கணக்கில்தான். முன்பு எஞ்சினைத் தனியே இயக்கி அளந்தார்கள். பிறகு, காரில் உள்ளபடி துணைக் கருவிகளையும் புகைக்குழாயையும் பொருத்தி அளந்தார்கள். பழைய, புதிய எண்களை நேராக ஒப்பிடுவது தவறு.

உயர்வு

1989-ல் விகிதம் 10.3 ஆனது, திறன் 140. 1991-ல் ஏஇ101 காரில் இருபது வால்வு எஞ்சின் வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று உள்வாங்கு வால்வுகள், இரண்டு வெளியேற்று வால்வுகள், தனித்தனித் திராட்டில்கள். உள்வாங்கு வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் சேர்ந்தது. விகிதம் 10.5, திறன் 160. 1995-ல் ஏஇ111 காரில் விகிதம் 11, திறன் 165.

இதில் அமுக்கத்தின் பங்கு எவ்வளவு? வெப்ப இயக்கவியல் கோட்பாட்டின்படி, 9.4-லிருந்து 11-க்கு உயர்த்தினால் பயனுறுதிறன் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். ஆனால் திறனோ 120-லிருந்து 165 ஆக, 37 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. உச்சத் திறன் கிடைக்கும் வேகம் நிமிடத்திற்கு 6600 சுழற்சியிலிருந்து 7800 ஆனதே சுமார் 18 விழுக்காடு தந்தது. எஞ்சியதில் பெரும்பங்கு, கூடுதல் காற்றை உள்ளிழுக்கும் திறமையால் வந்தது. அமுக்கம் துணைநின்றது, தனியாக நின்று சாதிக்கவில்லை.

எதிர்த் திசையில் ஒரு சான்று

இதே எஞ்சினின் சூப்பர்சார்ஜர் வகையான 4ஏ-ஜிஇசட்இ, 1986-ல் அமுக்கத்தை 8 ஆகக் குறைத்துக்கொண்டே 145 குதிரைத்திறன் தந்தது. காற்றைத் திணித்து அனுப்பும்போது அமுக்கமும் அதிகமாக இருந்தால் கலவை தானாகவே வெடிக்கும். இதை எஞ்சின் தட்டுதல் என்பர். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும், உருகவும் கூடும்.

மாற்றியமைப்போருக்குப் பாடம்

1995-ல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையால் ஏஇ86 உலகப் புகழ் பெற்றது. பழைய எஞ்சினின் திறனைக் கூட்ட, பலர் சிலிண்டர் தலைப்பகுதியைச் செதுக்கியோ மெல்லிய கேஸ்கெட் இட்டோ அமுக்கத்தை உயர்த்துவர். அப்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படுகிறது. பற்றவைப்பு நேரத்தையும் சரிசெய்ய வேண்டும். இவற்றை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் கூட்டுபவருக்குக் கிடைப்பது அந்த 4 விழுக்காடும், உடையும் அபாயமும்தான். அதனாலேயே பலர் இருபது வால்வு எஞ்சினை முழுமையாகப் பழைய காரில் பொருத்திக்கொள்கின்றனர்.

2000-ல் லெவின், ட்ரூனோ கார்களின் உற்பத்தி முடிவுற்றது. கொள்ளளவை ஒரு சி.சி.கூடக் கூட்டாமல் திறனை வளர்க்க முடியும் என்பதற்கு இந்த எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டாக நிலைத்துள்ளது.