பூச்சாண்டிக்கு ஒரு கத்தரிக்கோல்

பூச்சாண்டிக்குப் பயப்படாத குழந்தையை நான் பார்த்ததில்லை. அமெரிக்கக் குழந்தைகளோ அக்டோபர் 31-ஆம் தேதி, ஹாலோவீன் இரவன்று, பூச்சாண்டியைச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்த்தி வைக்கிறார்கள். ஆரஞ்சு நிறக் காகிதத்தில் பரங்கிக்காய், கறுப்புக் காகிதத்தில் பூனை, வௌவால். எல்லாம் அவர்களே வெட்டி ஒட்டியவை.

இதன் பூர்வீகங்களில் ஒன்று அயர்லாந்து. ஆவிகள் உலவும் இரவு அது என்று அங்கே நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமுகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அமெரிக்கா சேர்ந்தவர்களுக்குக் கிழங்கைவிடக் குடைய எளிதான பரங்கிக்காய் கிடைத்தது.

1909-ல் டென்னிசன் என்ற காகிதக் கம்பெனி 'போகி புக்' என்றொரு அலங்காரப் புத்தகம் வெளியிட்டது. நம் போகிப் பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'போகி' என்றால் அங்கே பூச்சாண்டி! காகிதம் விற்கும் தந்திரந்தான்.

ஆனாலும் நல்ல தந்திரம். பசிக்குத் தப்பி ஓடியவர்கள் மூட்டையோடு பயத்தையும் சுமந்து வந்தார்கள். பேரப்பிள்ளைகள் கையில் கத்தரிக்கோல் கிடைத்தது. பேய்க்குக் கண்ணைக் கோணலாக ஒட்டிவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிற குழந்தை, அப்புறம் அதற்கு எப்படிப் பயப்படும்?