கடல் பச்சையானால் லேப்பில் என்ன செய்வார்கள்? ஒளியை வைத்து பாசியை அளப்பது எப்படி?

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு 2019 செப்டம்பர் நிச்சயம் நினைவிருக்கும். மன்னார் வளைகுடாவில் கடல் திடீரென பச்சையாக மாறியது. செத்த மீன்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் இதை 'பூங்கோரை' என்கிறார்கள்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். காரணம், நாக்டிலுகா சின்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. 2008 அக்டோபரிலும் இதே உயிரி மன்னார் வளைகுடாவில் பெருகி, மீன்களோடு பவளப்பாறைகளையும் பாதித்தது.

சரி, தண்ணீர் பச்சையாக இருப்பது நம் கண்ணுக்கே தெரிகிறதே, இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. பச்சை கூடுகிறதா, குறைகிறதா? தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு? இதற்கெல்லாம் கண் பதில் சொல்லாது. ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியும், ஒரு ஒளிக்கற்றையும் சொல்லும்.

அடிப்படை என்ன?

கண்ணாடி டம்ளரில் பிளாக் டீயை ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லைட் டீ என்றால் வெளிச்சம் தாராளமாக வரும். ஸ்ட்ராங் டீ என்றால் குறையும். அதே லைட் டீயை அகலமான பாத்திரத்தில் ஊற்றினாலும் கருப்பாகத்தான் தெரியும். ஏன்னா, வெளிச்சம் அதிக தூரம் டீக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

அவ்ளோதான் விஷயம். ஒளி எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: கரைந்திருக்கும் பொருள் எது, அது எவ்வளவு செறிவாக இருக்கிறது, ஒளி எவ்வளவு தூரம் அதற்குள் போகிறது.

ஒளி போகும் தூரத்தின் பங்கை பிரான்ஸின் பூகே 1729-இலும், லாம்பெர்ட் 1760-இலும் எழுதினார்கள். செறிவின் பங்கை ஜெர்மனியின் பீர் 1852-இல் சேர்த்தார். இன்று பிளஸ் டூ முடித்து வேதியியல் படிக்கப் போகும் எல்லோரும் சந்திக்கும் 'பீர்-லாம்பெர்ட் விதி' இதுதான்.

எண்ணில் எப்படிச் சொல்வார்கள்?

இந்த அளவுக்குப் பெயர் 'அப்சார்பன்ஸ்', தமிழில் உட்கவர் அளவு. மடக்கைக் கணக்கில் வருவதால் முதலில் கொஞ்சம் குழப்பும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

அளவு 0 என்றால் ஒளி முழுக்க, 100 சதவீதமும் வெளியே வந்துவிட்டது.
அளவு 0.3 என்றால் பாதி வந்தது.
அளவு 1 என்றால் 10 சதவீதம்தான் வந்தது.
அளவு 2 என்றால் வெறும் 1 சதவீதம்.

இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு. செறிவு இரண்டு மடங்கானால் இந்த எண்ணும் இரண்டு மடங்காகும். எண்ணைப் பார்த்தே செறிவைச் சொல்லிவிடலாம். இதை அளக்கும் கருவிதான் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். மாதிரியை ஊற்றும் சின்ன சதுரக் குப்பிக்கு 'குவெட்' என்று பெயர். வழக்கமாக அதன் உள் அகலம் 1 சென்டிமீட்டர்.

பச்சையை அளக்க சிவப்பு ஒளி ஏன்?

பாசியின் பச்சைக்குக் காரணம் குளோரோபில். அது நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. விட்டதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. கருவிக்கோ உறிஞ்சியது எவ்வளவு என்பதுதான் வேண்டும். அதனால் சிவப்பு ஒளியை அனுப்புகிறார்கள்.

செய்முறை இதுதான். அளந்து எடுத்த கடல்நீரை மெல்லிய கண்ணாடி இழை ஃபில்டரில் வடிகட்டுவார்கள். பாசி ஃபில்டரில் தங்கிவிடும். அதை 90 சதவீத அசிட்டோனில் போட்டு, இருட்டிலும் குளிரிலும் வைப்பார்கள். குளோரோபில் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் இந்த கவனம். பிறகு தெளிந்த பச்சைக் கரைசலை எடுத்து 664, 647, 630 நானோமீட்டர் அலைநீளங்களில் அளப்பார்கள்.

மூன்று இடத்தில் ஏன்? குளோரோபில்லில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு. ஒன்றின் உறிஞ்சல் இன்னொன்றின் மேல் படியும். மூன்று எண்களையும் சமன்பாட்டில் போட்டால் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். கடைசியில், ஒரு லிட்டர் கடல்நீரில் இத்தனை மைக்ரோகிராம் குளோரோபில் என்று விடை வரும்.

நிறமே இல்லாத அம்மோனியாவை எப்படி?

மீன் சாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது. நாக்டிலுகா தன் உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கும். கூட்டமாகச் சாகும்போது அது தண்ணீரில் கலக்கும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனும் குறையும். மீனுக்கு இரண்டு பக்கமும் அடி.

ஆனால் கரைந்த அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால் நிறத்தை வரவழைக்கிறார்கள். பீனாலும் ஹைபோகுளோரைட்டும் சேர்த்தால், அம்மோனியா இருக்கும் அளவுக்கு ஏற்ப நீல நிறம் வரும். அதை 640 நானோமீட்டரில் அளப்பார்கள்.

எண்ணிலிருந்து செறிவுக்கு எப்படிப் போவது? முதலில் அளவு தெரிந்த கரைசல்களை வைத்துப் பார்ப்பார்கள். உதாரணமாக, 1 அலகு அம்மோனியாவுக்கு 0.2, 2 அலகுக்கு 0.4 என்று வந்தால், கடல்நீர் 0.3 காட்டினால் அதில் 1.5 அலகு. நேர்கோடு போட்டுப் படிக்கும் கணக்குதான்.

எங்கே தப்பு நடக்கும்?

பிளாக் டீயில் பால் ஊற்றினால் என்ன ஆகும்? வெளிச்சம் மறைந்துவிடும். ஆனால் பால் அதை உறிஞ்சவில்லை, சிதறடிக்கிறது. கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பக்கம் வந்து சேராத ஒளி எல்லாமே அதற்கு 'உறிஞ்சியது'தான். கரைசலில் கலங்கல் இருந்தால் குளோரோபில் அதிகம் என்று பொய் சொல்லும். அதனால்தான் குளோரோபில் உறிஞ்சாத 750 நானோமீட்டரிலும் ஒருமுறை அளந்து, அந்த எண்ணைக் கழித்துவிடுகிறார்கள்.

குவெட்டில் கைரேகை பட்டாலும் இதே கதைதான். வெறும் அசிட்டோனை மட்டும் வைத்து முதலில் பூஜ்யம் செட் பண்ணுவதும் கட்டாயம். இதற்கு 'பிளாங்க்' என்று பெயர். கரைசல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் நேர்கோட்டுக் கணக்கு உடைந்துவிடும். அப்போது இத்தனை மடங்கு என்று கணக்கு வைத்து, நீர்க்கச் செய்து அளக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த எண் 'எவ்வளவு' என்று மட்டுமே சொல்லும், 'எந்தப் பாசி' என்று சொல்லாது. அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆக்சிஜனுக்குத் தனி சோதனை உண்டு. எல்லாம் சேர்ந்தால்தான் முழுப் படம்.

மீனவர்களுக்கு இதில் என்ன?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்குத் தெரிவிக்கிறது. செயற்கைக்கோள் பார்க்கும் கடலின் நிறத்திலிருந்து கிடைக்கும் குளோரோபில் அளவும், கடல் மேற்பரப்பு வெப்பநிலையும் அதற்கு அடிப்படை. பாசி அளவாக இருந்தால் மீனுக்குச் சாப்பாடு. அளவு மீறிப் பெருகினால் ஆபத்து. செயற்கைக்கோள் சொல்லும் எண் சரியா என்று பார்க்க, படகில் போய் எடுத்த தண்ணீரை அளந்துதான் ஒப்பிட வேண்டும்.

நம் வீட்டிலும் உண்டு

ராமநாதபுரத்திலோ வேறு எங்கோ ரத்தம் கொடுத்து சுகர் டெஸ்ட் எடுத்திருப்பீர்கள். பல லேப்களில் சுகருக்கு ஏற்ப இளஞ்சிவப்பு நிறம் வரவைத்து, 505 நானோமீட்டர் பக்கத்தில் அளக்கிறார்கள். கொரோனா நேரத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்றுதான் பார்த்தது.

அடுத்த முறை கடல் பச்சையானால், செத்து ஒதுங்கிய மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம். மீன்வளத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் லேப்புக்குப் போகிறதோ, அவ்வளவு சீக்கிரம் சரியான பதில் வரும்.