தவிட்டில் விளைந்த நொதி

1894-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் ஜப்பானியர் ஒருவருக்குக் காப்புரிமை வழங்கிற்று. அவர் பெயர் ஜோகிச்சி டாகாமினே. கோதுமைத் தவிட்டில் பூஞ்சணம் வளர்த்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியை அதிலிருந்து பிரித்தெடுக்கும் முறைக்கே அவ்வுரிமை கிடைத்தது. நுண்ணுயிரினின்று எடுக்கும் நொதிக்கு அந்நாட்டில் வழங்கப்பெற்ற முதற் காப்புரிமை அதுவே என்பர். இன்று உலகெங்கும் பரந்துள்ள நொதித் தொழிலின் தோற்றுவாய்களுள் ஒன்றை நாம் இங்கே காண்கிறோம்.

அப்பூஞ்சணம் ஜப்பானியருக்குப் புதிதன்று. ஆவியில் வேகவைத்த அரிசியில் அதனை வளர்த்துக் 'கோஜி' ஆக்கி, சாக்கே என்னும் அரிசி மதுவை அவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தயாரித்து வந்தனர். டாகாமினேயின் தாய்வழியினரும் அத்தொழிலினரே. 1890-ல் அமெரிக்கா சென்ற அவர், இல்லினாய்ஸ் மாநிலத்துப் பியோரியா நகரில் விஸ்கி வடிப்பதற்கு மால்ட்டுக்குப் பதிலாகக் கோஜியைப் பயன்படுத்த முற்பட்டார். முளைகட்டிய பார்லியிலிருந்து மால்ட் செய்வோர் தம் பிழைப்பு கெடுமென அஞ்சி எதிர்த்தனர். தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. விஸ்கி முயற்சி கைகூடவில்லை. நொதி மட்டும் எஞ்சியது.

பூஞ்சணத்தை வளர்ப்பது எளிது. வேண்டிய நொதியை வேண்டிய அளவில் தரச் செய்வதே அரிது. வடநாட்டுக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் நிற்பதை நாம் அறிவோம். அங்கே வேலை செய்வது பாக்டீரியா, இங்கே பூஞ்சணம். எனினும் உஷ்ணநிலைக்கு இரண்டும் கட்டுப்பட்டவையே. பூஞ்சணத்திற்கோ இன்னொரு தொல்லை உண்டு. வளர வளரத் தானே வெப்பத்தை உண்டாக்கும். கிளறி ஆற்றாவிடில் அவ்வெப்பமே அதனை மாய்க்கும். ஈரம் மிகுந்தால் வேறு கிருமிகள் புகுந்துவிடும்; குறைந்தால் இழைகள் படரமாட்டா. ஏறத்தாழ 40 டிகிரி செல்ஸியஸில் மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதி மிகும். 30 டிகிரியை ஒட்டிப் புரதத்தைச் சிதைக்கும் நொதி மிகும். ஆதலால் சாக்கே தயாரிப்போரும் சோயாச் சாறு தயாரிப்போரும் தத்தம் கோஜியை வெவ்வேறு வெப்பத்தில் காத்தனர்.

டாகாமினே தேர்ந்த தவிடு அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தது. அதன் செதில்களிடையே காற்றும் புகுந்தது. விளைந்த நொதியை நீரில் கரைத்து, ஆல்கஹால் சேர்த்து வீழ்படிவாக்கினார். அதுவே 'டாகா-டயஸ்டேஸ்' என்னும் ஜீரண மருந்தாக விற்பனைக்கு வந்தது.

அதே பியோரியாவின் அரசாங்க ஆய்வுக்கூடத்தில், 1941 முதல், பெனிசிலின் தரும் பூஞ்சணத்தை ஆழ்ந்த தொட்டிகளில் காற்றூட்டி வளர்க்கும் முறை ஆராயப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நொதித் தொழிலும் அம்முறையைப் பெரிதும் மேற்கொண்டது. ரொட்டி, பழச்சாறு, சலவைத்தூள் ஆகியவற்றுக்கான நொதிகள் பல இன்று அவ்வாறே விளைகின்றன.

டாகாமினே அரிசியை விட்டுத் தவிட்டை ஏற்றார். உஷ்ணம், ஈரம், காற்று ஆகியவற்றின் அளவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்த மண்ணின் கைத்தொழில் வேற்று நாட்டில் வேரூன்றியது இவ்வாறுதான்.