நீருக்கடியில் ஓர் ஊர்: கபெல் கெலின் தரும் படிப்பினை

பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டில், பாலா என்னும் சிற்றூருக்கு அருகே, மலைகளுக்கு நடுவே லின் கெலின் என்றோர் ஏரி இருக்கிறது. நீளம் ஏறத்தாழ இரண்டரை மைல். அகலம் ஒரு மைல். அவ்வழியே செல்வோர் கரையில் சற்று நின்று அதன் அழகைக் கண்டு செல்கின்றனர். படைத்தவன் ஆதியிலேயே அங்கு வைத்த நீர்நிலை போலவே அது தோன்றும். ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் தாழும்போது கற்சுவர்களின் எச்சங்களும் பழைய சாலையின் தடமும் வெளியே தெரிகின்றன. அந்த ஏரி தோன்றி அறுபது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்கு முன் அங்கே கபெல் கெலின் என்னும் ஊர் இருந்தது.

அது பெரிய ஊர் அன்று. ட்ரவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு வழிபாட்டு ஆலயம், ஓர் அடக்கத்தலம், ஒரு பள்ளிக்கூடம், ஓர் அஞ்சலகம், சில வீடுகள், சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். அவ்வளவே. ஆனால் அச்சிறிய ஊரின் வாழ்வை அறிந்தால்தான் அது எதை இழந்தது என்பதை நாம் உணர முடியும்.

அம்மக்களின் தாய்மொழி வேல்ஷ். வீட்டிலும் வயலிலும் ஆலயத்திலும் அவர்கள் பேசியது அம்மொழியே. மலைநாட்டுப் பண்ணையாளர்களிடையே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஆடுகளுக்கு உரோமம் கத்தரிக்கும் காலம் வந்தால் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளில் அயலார் அனைவரும் அப்பண்ணைக்கு வந்து உழைப்பார்கள். கூலி கிடையாது, உணவு உண்டு. மறுநாள் இன்னொருவர் பண்ணையில் அதே கூட்டம் கூடும். மாலை வேளைகளில் பாட்டும் கவிதையும் போட்டியாக நடைபெறும். கல்லூரி வாசலை மிதியாத உழவர்கள் கடினமான யாப்பில் கவி புனைவது அந்நாட்டில் வியப்புக்குரிய செய்தி அன்று.

இக்கல்வி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் ஒரு மதரஸா ஆசிரியன் என்ற முறையில் என் கவனம் நிலைத்தது. 1588இல் வில்லியம் மார்கன் என்னும் பாதிரியார் கிறிஸ்தவ வேதம் முழுவதையும் வேல்ஷ் மொழியில் வெளியிட்டார். அதுவே அம்மொழியின் எழுத்து நடைக்கு அடித்தளமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாலாவில் வாழ்ந்த தாமஸ் சார்ல்ஸ் என்னும் போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளை ஊர்தோறும் பரப்பினார். அவை சிறுவர்க்கு மட்டும் உரியவை அல்ல. பெரியோரும் முதியோரும் வரிசையில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கக் கற்ற இடங்கள். 1800ஆம் ஆண்டில் மேரி ஜோன்ஸ் என்னும் பதினைந்து வயது ஏழைப் பெண், தான் சிறுகச் சிறுகச் சேர்த்த காசுடன், ஒரு வேதப் பிரதி வாங்குவதற்காக ஏறத்தாழ 25 மைல் தொலைவு வெறுங்காலுடன் நடந்து இவரிடம் வந்தாள் என்பது அப்பகுதியில் இன்றும் சொல்லப்படும் வரலாறு.

அரசாங்கப் பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செலுத்திய காலத்திலும், ஆலயத்தோடு இணைந்த இப்பள்ளிகள் தாய்மொழியைக் காத்து நின்றன. அதிகாலையில் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து எழுத்துக் கற்ற நமக்கு இதன் மதிப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை. வழிபாட்டிடம் ஒரு கட்டடம் மட்டும் அன்று. ஒரு சமூகத்தின் மொழியும் ஒழுக்கமும் உறவும் அங்கேதான் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கப்படுகின்றன.

அப்பள்ளத்தாக்கில் இன்னொரு நினைவும் இருந்தது. ஹவோத் வாடோக் என்னும் பண்ணை வீடு, அரசு ஏற்காத மார்க்க நம்பிக்கை கொண்டிருந்த குவேக்கர் என்னும் பிரிவினர் கூடி வழிபட்ட இடம். அடக்குமுறை தாளாமல் அச்சுற்று வட்டாரத்துக் குவேக்கர்களில் பலர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினர்.

இத்தகைய ஊருக்கு 1955ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தின் பெருநகரங்களுள் ஒன்றாகிய லிவர்பூல், தன் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் ட்ரவெரின் ஆற்றை மறித்து அணை கட்டத் தீர்மானித்திருந்தது. அவ்வூராரை அழைத்து எவரும் கலந்து பேசவில்லை. தம் வீடுகள் மூழ்கப் போகின்றன என்பதை அவர்கள் ஊரறிந்த செய்தியாகவே அறிந்தனர்.

அவர்கள் வாளாவிருக்கவில்லை. பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்தனர். எலிசபெத் மே வாட்கின் ஜோன்ஸ் என்னும் பெண்மணி அதன் செயலாளராக நின்று மடல்கள் எழுதினார். 1956 நவம்பர் 21 அன்று ஊர் மக்கள் தம் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு லிவர்பூல் நகரத் தெருக்களில் அமைதியாக ஊர்வலம் சென்றனர். வேல்ஷ் தேசியக் கட்சியாகிய ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் அவர்களுக்காக நகர மன்றத்தில் பேசினார். மன்றம் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

லிவர்பூல் மாநகராட்சி உள்ளூர் அதிகார அமைப்புகளிடம் அனுமதி கேட்க விரும்பவில்லை. அவர்களைக் கடந்து நேரே லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தனி மசோதாவாகக் கொண்டுசென்றது. வேல்ஸ் நாட்டின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் மற்றவர்களின் எண்ணிக்கை மிகுதி. 1957 ஆகஸ்ட் 1 அன்று அது சட்டமாயிற்று.

1963 ஜூலையில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஆலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களுமாக ஏறத்தாழ 800 ஏக்கர் நீருக்குள் போயிற்று.

வாசகர்களே, அடக்கத்தலம் என்னவாயிற்று என்று நம் உள்ளம் இயல்பாகவே கேட்கும். உறவினர் விரும்பினால் உடல்களை வேறிடம் மாற்றலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. எட்டு உடல்கள் மாற்றப்பட்டன. எஞ்சியோர் அங்கேயே விடப்பட்டனர். அவர்களின் மீது இன்று ஏரி நிற்கிறது. தந்தையின் கபுரருகே நின்று துஆச் செய்து பழகிய நாம், அதன் மீது நீர் ஏறுவதைக் கரையில் நின்று பார்த்த ஒரு மகனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன், 1880களில், இதே லிவர்பூல் நகரம் லான்வூதின் என்னும் மற்றொரு வேல்ஷ் ஊரை வேர்ன்வி ஏரிக்காக மூழ்கடித்திருந்தது. அப்போது அது புதிய ஊரையும் புதிய ஆலயத்தையும் கட்டிக் கொடுத்தது. இறந்தோரின் எச்சங்களையும் அங்கே மாற்றியது. அவ்வூர் இடம் பெயர்ந்தது; ஆனால் ஊராகவே இருந்தது. கபெல் கெலினுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. மக்கள் சிதறினர், ஊர் மறைந்தது. வீடிழந்தவருக்கு வேறு வீடு கிடைக்கும். ஆனால் உரோமம் கத்தரிக்கும் நாளில் அழைக்காமலே வரும் அயலாரை எந்த இழப்பீட்டுத் தொகையும் வாங்கித் தராது.

நகரத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் கூறவில்லை. இலட்சக்கணக்கானோர் வாழும் நகருக்கு நீர் வேண்டும். நீர் மனிதர் அனைவருக்கும் பொதுவானது என்பது நம் மார்க்கமும் கற்பிக்கும் நெறியே. பிழை நீரைக் கேட்டதில் இல்லை. கேளாமல் எடுத்ததில் இருக்கிறது. மஷூரா என்னும் கலந்தாலோசனையை நம் மார்க்கம் வலியுறுத்துவதன் காரணம் இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது தெளிவாகிறது. பலர் ஒருபுறமும் சிலர் ஒருபுறமும் நிற்கும்போது எண்ணிக்கையை மட்டும் தராசில் வைத்தால், சிலர் எப்போதும் தோற்பார்கள். நீதி என்பது அந்தச் சிலரையும் அமர வைத்துப் பேசுவதில்தான் தொடங்குகிறது.

1965 அக்டோபர் 21 அன்று அணையின் திறப்பு விழா நடைபெற்றது. எதிர்ப்பாளர்கள் ஒலிபெருக்கிக் கம்பிகளை அறுத்தனர். விழா சில நிமிடங்களிலேயே முடிந்தது. ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1966இல் க்வின்வோர் எவன்ஸ் தம் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக வெற்றி பெற்றார். 1967இல் வேல்ஷ் மொழிச் சட்டம் நிறைவேறிற்று. 1999இல் வேல்ஸுக்குத் தனிப் பேரவை அமைந்தது. இவை அனைத்துக்கும் அந்த ஏரி ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆயினும், தம் பிரதிநிதிகள் ஒன்றுபட்டு நின்றும் தம் சொல் ஏறவில்லை என்ற உண்மையை வேல்ஷ் மக்கள் அன்றுதான் கண்ணால் கண்டனர்.

அபரிஸ்ட்வித் நகருக்குத் தெற்கே சாலையோரத்தில் பாழடைந்த கற்சுவர் ஒன்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் மீக் ஸ்டீவன்ஸ் என்னும் இளைஞர் அதில் ‘ட்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்’ என்னும் பொருள்பட வேல்ஷ் மொழியில் எழுதினார். அவர் எழுதியதில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. 2019இல் சிலர் அச்சுவரைச் சிதைத்தபோது மக்கள் அதை மீண்டும் கட்டினர். அதே சொற்கள் நாடெங்கும் பற்பல சுவர்களில் எழுதப்பட்டன.

2005 அக்டோபரில், திறப்பு விழா நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், லிவர்பூல் மாநகராட்சி தன் முன்னோர் காட்டிய உணர்வின்மைக்காக மன்னிப்புக் கோரியது. மன்னிப்புக் கேட்பது நற்செயல். அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்களில் பலர் அதற்குள் மண்ணறைக்குச் சென்றிருப்பார்கள். உரிமை பறிக்கப்பட்டவன் உயிருடன் இருக்கும்போதே கணக்கைத் தீர்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பானது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கபெல் கெலின் இன்று நினைவில் வாழ்வதற்குக் காரணம், மக்கள் அதன் நினைவைக் கைவிடாமல் காத்ததுதான். நம் மஹல்லாவின் பழைய பதிவேடு எங்கே இருக்கிறது? கபுரஸ்தானில் அடங்கியிருப்போரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளனவா? ஊரின் குளத்துக்கும் தோப்புக்கும் முன்னோர் இட்ட பெயர்களை நம் பிள்ளைகள் அறிவார்களா? அணை கட்டி மூழ்கடித்தால்தான் ஓர் ஊர் அழியும் என்பதில்லை. கேட்பாரும் சொல்வாரும் அற்றுப்போனால் மேட்டு நிலத்தில் இருக்கும் ஊரும் மெல்ல மூழ்கிவிடும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், ஊரின் மூத்தவர் ஒருவர் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள்.