அரண்மனை விளக்கும் மலைக்குடிசை விளக்கும்

மின்சார விளக்கு முதலில் எவருடைய வீட்டில் எரிந்தது, கடைசியில் எவருடைய வீட்டை அடைந்தது என்று ஆராயப் புகுவோமாயின், ஒரு தேசத்தின் சமூக அமைப்பு முழுவதும் அவ்வாராய்ச்சியிலேயே விளங்கிவிடும். தொழிற்சாலையில் மின்னொளியும் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குமாக இருந்த காலத்தை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இமயமலைச் சாரலிலுள்ள நேபாள நாட்டின் சரித்திரம் இவ்வுண்மைக்கு ஓர் அரிய சான்றாகும். அந்நாட்டு ஏழைக் குடியானவன் தன் குடிசையில் விளக்கேற்றிக்கொண்ட வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1846 முதல் 1951 வரை நேபாளத்தில் அரசர் பெயரளவில் இருக்க, ராணா வமிசத்தார் பரம்பரைப் பிரதம மந்திரிகளாக அதிகாரம் செலுத்தினர். அவர்களுள் ஒருவராகிய சந்திர சம்ஷேர் காலத்தில், 1911-ஆம் ஆண்டு, காட்மாண்டு நகருக்குத் தெற்கே பர்ப்பிங் என்னுமிடத்தில் 500 கிலோவாட் சக்தியுள்ள நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. அதன் ஒளி எங்கே சென்றது? ராணாக்களின் அரண்மனைகளுக்கு! அருவி பாயும் மலைகளில் வாழ்ந்த மக்களோ, அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் எண்ணெய்த் திரியையும் பைன் மரச் சிராயையும் கொளுத்திக் காலங்கழித்தனர். தண்ணீர் அவர்களுடையது, வெளிச்சம் பிறருடையது.

பெரிய நிலையத்திலிருந்து மலைமேல் கம்பி இழுத்துச் செல்வதும் எளிதன்று. ஒரு முகட்டில் பத்து வீடுகள், மறு முகட்டில் இருபது வீடுகள், இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கு. கம்பத்துக்கும் கம்பிக்கும் ஆகும் செலவை அவ்வீட்டார் செலுத்தும் கட்டணம் எந்நாளும் ஈடுசெய்யாது. ஆகவே ஓடையருகிலேயே சிறு யந்திரம் நிறுவுவதொன்றே வழி. ஆனால், பிற தேசத்திலிருந்து வரும் யந்திரம் விலை மிகுந்தது. பழுதுற்றால் சீர்செய்வாரும் அருகில் இல்லை. இச்சிக்கலை அவிழ்த்தது எது?

நேபாள மலைகளில் ‘கட்டா’ எனப்படும் நீர்த்திரிகை நெடுங்காலமாக இருந்து வருகிறது. சாய்ந்த மரத் தொட்டியில் பாயும் நீர் ஒரு மரச்சக்கரத்தைச் சுழற்ற, அதன் அச்சோடு மேலேயுள்ள திரிகைக்கல்லும் சுழன்று மாவரைக்கும். இத்தகையன உத்தேசமாக 25,000 உண்டென்பர். எனினும் கட்டாவினால் நெல் குத்தவோ எண்ணெய் ஆட்டவோ இயலாது. அவ்வேலையெல்லாம் கால் உலக்கை மிதிக்கும் பெண்களின் தலைமேலேயே விழுந்தது. விடியுமுன் எழுந்து நெல் குத்தும் பெண்ணுக்கு விளக்கினும் முந்திய தேவை, அவ்வுலக்கையினின்று விடுதலையன்றோ?

1960-இல் சுவிட்ஸர்லாந்து தேசத்தாரின் உதவியுடன் காட்மாண்டுவை அடுத்த பாலாஜுவில் ஒரு யந்திரசாலை தோன்றியது. 1963-இல் தெற்கே புட்வல் நகரில், நார்வே நாட்டு எஞ்சினியர் ஆட் ஹாஃப்டூன் என்பாரின் முயற்சியால் ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் எழுந்தது. இவ்விரண்டிடத்தும் பயின்ற நேபாளத் தொழிலாளர், ‘கிராஸ்ப்ளோ’ என்னும் டர்பைன் சக்கரத்தைத் தம் நாட்டிலேயே செய்யக் கற்றனர். ஆஸ்திரேலியாவின் மிச்செல் 1903-இல் வகுத்ததும் பின்னர் ஹங்கேரியின் பாங்கி திருத்தியதுமான சக்கரம் அது. அதற்கு வார்ப்படம் வேண்டுவதில்லை. எஃகுத் தகட்டை வளைத்து, இரு வட்டத் தகடுகளுக்கிடையே பற்றவைத்தாலே போதும். ஆதலின் சாதாரணப் பட்டறையில் பிறந்த அச்சக்கரத்தைச் சாதாரணப் பட்டறையிலேயே பழுதுபார்க்கவும் முடிந்தது.

1970-களில் இச்சக்கரங்கள் முதலில் நெல் குத்தவும் மாவரைக்கவும் எண்ணெய் ஆட்டவுமே மலையேறின. ஆலைக் கூலியே வருமானமாயிற்று. விவசாய அபிவிருத்தி வங்கி கொடுத்த கடனும் அவ்வருமானத்தால் அடைபட்டது. பின்னரே, பகலில் ஆலையை ஓட்டும் அதே அச்சில் பெல்ட் மாட்டி ஒரு டைனமோவைச் சுழற்றி, இரவில் அயல் வீடுகளுக்கு ஒளி தந்தனர். பகல் உழைப்பு இரவு விளக்குக்குச் செலவளித்தது! 1984-இல் 100 கிலோவாட்டுக்குட்பட்ட நிலையங்களுக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை என்று சர்க்கார் விதித்ததும், இம்முயற்சி மேலும் பரவிற்று.

செலவைக் குறைத்த யுக்திகள் பல. நொடிக்கு 10 லிட்டர் நீர் 20 மீட்டர் உயரத்தினின்று விழுமாயின், பாதி சக்தி வீணாயினும் ஏறக்குறைய 1 கிலோவாட் கிட்டும். 25 வாட் விளக்குகள் 40 எரியும். சக்கரத்தின் வேகத்தைக் காக்க நீரைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் விலையுயர்ந்தது. அதற்குப் பதிலாக, நீரை ஒரே அளவில் ஓடவிட்டு, மிஞ்சிய மின்சாரத்தைச் சூட்டுக் கம்பிகளிற் செலுத்தும் எளிய மின்னணுக் கருவி வந்தது. காட்மாண்டுவின் அக்கல் மான் நகர்மி என்பார், சிறு பெல்ட்டன் சக்கரத்தைச் சாதாரண மோட்டாரோடு இணைத்து, அம்மோட்டாரையே மின்னாக்கியாக்கிய ‘பெல்ட்ரிக்’ என்னும் சிற்றியந்திரத்தை உருவாக்கினார். ஓரிரு கூலியாட்கள் முதுகிற் சுமந்து செல்லத்தக்க அது, ஒரு சிற்றூருக்குப் போதுமானதாயிற்று. பல ஊர்களில் மீட்டரும் விலக்கப்பட்டது. ஒரு வீட்டார் எத்தனை வாட் எடுக்கலாமென்று வரையறுத்து, அதற்கேற்ப மாதக் கட்டணம் வாங்கினர்.

குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து வாய்க்கால் உடையும். பகலில் ஆலையில்லாத நிலையம், விளக்குக் கட்டணத்தை மட்டும் நம்பி நலிவுறும். அரசாங்கக் கம்பி மலையேறி வந்தபொழுது, ஊரார் அரும்பாடுபட்டு அமைத்த நிலையங்கள் பல கைவிடப்பட்டன. இதற்கு மாற்றாக, 2018-இல் நுவாகோட் மாவட்டத்துச் சியாவுரேபூமியின் 23 கிலோவாட் நிலையம் தேசியக் கம்பியோடு இணைக்கப்பட்டு, தன் மின்சாரத்தை விற்கத் தொடங்கியது.

யந்திரம் நிலைப்பது அதை நடத்துவோரைப் பொறுத்ததென்பதும் அனுபவத்தில் தெளிந்தது. 1996-இல் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தி ஸ்தாபனத்தின் துணையோடு தொடங்கிய கிராம எரிசக்தித் திட்டத்தில், வீடுதோறும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஊர்ச் சங்கத்திற் சேர வேண்டுமென வகுத்தனர். உலக்கை பிடித்த கை, கணக்கேட்டையும் பிடிக்கலாயிற்று.

ஆகவே அன்பர்களே, ஏழைகளுக்கென்று ஒரு யந்திரம் வருகிறது எனக் கேள்வியுறுந்தோறும் நாம் மூன்று வினாக்களைக் கேட்போமாக: அதனை அவ்வூர்ப் பட்டறையில் பழுதுபார்க்க இயலுமா? பகலில் அது எவருடைய முதுகுச் சுமையை இறக்கும்? அதன் வரவுசெலவு எவர் கையில் இருக்கும்? பர்ப்பிங் நிலையத்தை அமைத்தோர் இவற்றுள் ஒன்றையும் கேட்டிலர். அதன் ஒளி அரண்மனை வாயிலோடு நின்றது. இம்மூன்றையும் கேட்டவர்களின் விளக்கே மலையேறிற்று.